‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் யார்? ஒலிம்பிக் வாசல் வரை போன மலேசியக் கோல் காவலரின் கதை

2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு முத்துவைக் கண்டிப்பாக நினைவிருக்கும். நீளக் கைகளோடு கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கும் தமிழ்ப் பையன். ஒரு பக்கம் வீட்டுப் பொறுப்பு, இன்னொரு பக்கம் தேசிய அணி என்று அல்லாடுவான். படம் முடிந்து வெளியே வந்தபோது பலருக்கும் ஒரே கேள்விதான்: இப்படி ஒருத்தர் நிஜமாவே இருந்தாரா?

இருந்தார். பெயர் ஆர். ஆறுமுகம். உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ ‘ஸ்பைடர்மேன்’ என்று சொல்லிப் பாருங்கள். மார்வெல் படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஸ்பைடர்மேன் சிலாங்கூர் அணிக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவோம். முத்து ஒரு கற்பனைப் பாத்திரம். ஆறுமுகத்தையும் அவர் காலத்து அணியையும் பார்த்து உருவாக்கப்பட்டது. படத்தில் வரும் குடும்பக் காட்சிகளை எல்லாம் அவர் வாழ்க்கையில் அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இணையத்தில் இந்த இரண்டையும் கலந்து எழுதிய பதிவுகள் ஏராளம். நிஜக் கதைக்குச் சினிமா மசாலா தேவையே இல்லை. அது தானாகவே கனமான கதை.

ஏன் ‘ஸ்பைடர்மேன்’?

ஆறுமுகம் பிறந்தது 1953 ஜனவரி 31. நாட்டுக்கு அப்போது இன்னும் சுதந்திரம் கிடைக்கவில்லை. மெர்டேக்கா அரங்கமும் கட்டப்படவில்லை. அந்த அரங்கம் திறக்கப்பட்ட 1957-இல் அவருக்கு 4 வயது. பிற்பாடு அதே அரங்கத்தில்தான் அவர் பெயர் மேலே போனது.

பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் எளிது. கைகள் நீளம், உடம்பு வளையும், பாயும் வேகமும் இருந்தது. ஒரு கோல் கம்பத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஒரு வீட்டு வரவேற்பறையின் சுவர் அளவுக்கு இருக்கும். அதன் நடுவில் ஒரே ஆள். மூலையில் போகும் பந்தை எட்டிப் பிடிக்க எத்தனை பயிற்சி செய்தாலும் கடைசி இரண்டு அங்குலத்தை உடம்புதான் கொடுக்க வேண்டும். ஆறுமுகத்துக்கு அந்த இரண்டு அங்குலம் இருந்தது. வலை பின்னிப் பந்தைப் பிடிக்கிறார் என்று ரசிகர்கள் பேச ஆரம்பித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் நீளக் கையை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் தேசிய அணியில் நிற்க முடியாது. 1970களின் முற்பகுதியில் தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரை, நாட்டுக்காக நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் களம் இறங்கினார். கோல் காவலருக்கு அது சாதாரண எண்ணிக்கை இல்லை.

இருப்பது ஒரே ஜெர்சி

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மற்ற இடங்களில் போட்டி ஒரு மாதிரி. கோல் காவலர்களுக்குள் போட்டி வேறு மாதிரி. தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாற்றலாம், கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிவிடலாம். கோல் காவலருக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் ஆடினால் மற்றவர் பெஞ்சில். பெரும்பாலும் அந்த வருடம் முழுக்கவே பெஞ்சில்தான்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியபோது அணியில் வோங் கம் ஃபுக், லிம் ஃபுங் கீ என்று இரண்டு திறமையான கோல் காவலர்கள் இருந்தார்கள். நம் அணி அமெரிக்காவை 3-0 என்று வென்றது அந்த ஒலிம்பிக்கில்தான். மேற்கு ஜெர்மனியிடம் 3-0, மொரோக்கோவிடம் 6-0 என்று தோற்றதும் அங்கேதான். ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியா ஆடியது இன்று வரை அந்த ஒரு முறை மட்டுமே. அந்தத் தலைமுறைக்கு அடுத்து வரிசையில் நின்றவர் ஆறுமுகம். முன்னால் ஒலிம்பிக் பார்த்த ஆட்கள், பின்னால் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள். இந்த நடுவில் நுழைந்து, நுழைந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்.

அது என்ன மாதிரி காலம் என்பதையும் பார்க்க வேண்டும். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வட கொரியாவை 2-1 என்று தோற்கடித்து வெண்கலம் வாங்கியது. 1977-இல் கோலாலம்பூர் சீ விளையாட்டு இறுதியில் தாய்லாந்தை 2-0 என்று வென்று தங்கம். 1979-இல் ஜகார்த்தாவில், இந்தோனேசியா ரசிகர்கள் நிறைந்த அரங்கத்தில், 1-0 என்று மறுபடி தங்கம். ஜப்பானும் தென் கொரியாவும் நம் அணியை இலேசாக நினைக்க முடியாத நாட்கள் அவை. இன்றைய தரவரிசைப் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

உள்ளூரிலும் அனல்தான். மலேசியக் கிண்ணத்தில் சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதும் ஆட்டம் என்றால் ஊரே இரண்டாகப் பிரியும். பினாங்கு மக்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1974-இல் பினாங்கு பேராக்கை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த வருடம் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் பினாங்கை 1-0 என்று வென்று அதைப் பறித்துக்கொண்டது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் இதை இன்னமும் முழுசாக மன்னிக்கவில்லை என்றே தோன்றுகிறது!

கையில் பட்டை இல்லாத தலைவர்

தலைமைத்துவம் பற்றிய குறுங்காணொளிகளில் அமெரிக்கக் காற்பந்தின் குவார்ட்டர்பேக்குகளை அடிக்கடி காட்டுவார்கள். நம் ஊரில் அந்த ஆட்டம் இல்லை என்பதால் ஒரு சின்ன விளக்கம்: ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். திடல் முழுவதையும் கண்ணால் அளந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று சில விநாடிகளில் முடிவு செய்பவர் அவர். தோற்றால் முதல் பழியும் அவருக்குத்தான்.

நம் காற்பந்தில் திடல் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கும் ஒரே ஆள் கோல் காவலர். மற்ற பத்துப் பேரும் பந்துக்கு ஏற்றபடி திரும்பிக்கொண்டே இருப்பார்கள். இவர் மட்டும் கடைசியில் நின்று எல்லாரையும் பார்க்கிறார். எதிரணி எங்கிருந்து வருகிறது, நம் தற்காப்பில் எந்த இடம் காலியாகிறது என்பது முதலில் இவர் கண்ணில்தான் படும். அதைக் கத்திச் சொல்வது இவர் வேலை. நல்ல கோல் காவலர் தடுக்கும் பந்துகளில் பாதி, இலக்கை நோக்கி உதைக்கப்படுவதே இல்லை. முன்கூட்டியே சொல்லி ஆளை நகர்த்தி வைத்திருப்பார். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

ஆறுமுகத்துக்கு முன்னால் நின்ற தற்காப்பைப் பாருங்கள். மலாக்காவிலிருந்து வந்த சோ சின் அவுன்; ‘தவுக்கே’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட அணித் தலைவர். பக்கத்தில் சிலாங்கூரின் சந்தோக் சிங். பின்னால் ஆறுமுகம். ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், ஒரு தமிழர். நடுத்திடலில் பினாங்கின் சுக்கோர் சாலே. முன்னால் மொக்தார் டஹாரி, பிற்பாடு சபாவிலிருந்து ஹாசான் சானி, ஜேம்ஸ் வோங். 1969 மே கலவரத்தின் காயம் ஆறாத நாட்டில், இப்படி ஒரு அணி வாரா வாரம் ஒன்றாக நின்றது. ஒற்றுமை பற்றி அரசாங்கச் சுவரொட்டிகள் சொன்னதைவிட இது ஆழமாகப் போனது என்பது என் கருத்து.

இன்னொன்று. அந்தக் காலத்து விதிகள் வேறு. தன் அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. அதுவரை நெருக்கடி வந்தால் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பந்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள்; கோல் காவலர் எடுத்து மூச்சு வாங்க நேரம் தருவார். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இருந்தது. கையுறைகளும் இன்றைக்கு இருப்பது போல் பஞ்சு வைத்துத் தைத்த ரகம் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. மழை பெய்து ஊறிப்போன பந்தைப் பிடிப்பது எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

1980 ஏப்ரல் 6

இனி முக்கியமான இரவுக்கு வருவோம்.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் ஒரு பிரிவு கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, புருணை, பிலிப்பீன்ஸ், மலேசியா. முதலிடம் பிடிப்பவருக்கு மாஸ்கோ டிக்கெட். கடைசியில் மிஞ்சியவை மலேசியாவும் தென் கொரியாவும்.

மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டே போனது. கொரியர்கள் விடாமல் வந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் கோல் காவலருக்கு ஒரு பிழை போதும், நாலு வருட உழைப்பு போய்விடும். மணி முடியும் தறுவாயில் ஹாசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். 2-1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

இரண்டு சபா இளைஞர்களின் கோலை நாடு இன்றும் பேசுகிறது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோலுக்கு அர்த்தம் இருந்ததே, அதுவரை ஆட்டம் கையைவிட்டுப் போகாமல் பின்னால் காத்தவர்களால்தான். கோல் அடித்தவர் பெயர் பதிவாகும். கோல் விழாததற்குக் காரணமானவர் பெயர் ஆட்ட அறிக்கையில் இருக்காது. ஆறுமுகத்தின் தொழிலே இதுதான்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த வேதனை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அமெரிக்கா புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. மலேசியாவும் போகவில்லை. திடலில் ஜெயித்த இடத்தை அரசாங்க முடிவு ஒன்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

மலேசியாவின் இடத்தில் ஈராக் சேர்க்கப்பட்டது. அது காலிறுதி வரை போனது. அதைக் கேட்டதும் மனசு கணக்குப் போடத்தானே செய்யும்? நம்ம ஆட்கள் போயிருந்தால்?

அந்த முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஒரு நாட்டின் மேல் படையெடுத்தவன் வீட்டு விருந்துக்குப் போகாமல் இருப்பது நியாயம்தான் என்பது ஒரு பக்கம். அரசியல்வாதிகள் எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும்தான் என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். வர்த்தகம் நிற்கவில்லை, தூதரகங்கள் மூடப்படவில்லை. பதினொரு பேரின் ஒலிம்பிக் மட்டும் நின்றது. ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. கோல் காவலருக்கு அது உச்ச வயது. அந்த வாசல் அவருக்கு மறுபடி திறக்கவே இல்லை.

அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அதே வருடம் மலேசியக் கிண்ண இறுதியில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. ஃபாண்டி அகமது என்ற இளைஞர் பெயர் எடுத்த ஆட்டம் அது. ஒரே வருடத்தில் ஒலிம்பிக்கும் போய், கிண்ணமும் போன சிலாங்கூர்க்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மறு வருடம் சிலாங்கூர் திரும்பி வந்தது. அதே சிங்கப்பூரை 4-0 என்று சாய்த்தது. 1982-இலும் 1984-இலும் கிண்ணம் சிலாங்கூருக்கே.

தோட்டத்துத் திடல்களில்

இங்கே பினாங்குப் பக்கம், நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டம் மாதிரி இடங்களில் வளர்ந்தவர்களுக்குத் தோட்டக் காற்பந்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

விடியும் முன் பெரட்டு. மதியத்துக்குள் வெட்டு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் உள்ள திடலில் ஆள் கூடும். தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருக்கும். துரை கிண்ணம் கொடுப்பார், கிராணி கணக்கு எழுதுவார், தண்டல் நடுவராக நின்று திட்டு வாங்குவார். ஜெயித்த அணிக்கு ஒரு ராத்திரி பூரா கொண்டாட்டம். நாள் முழுக்க யாரோ ஒருவருடைய உத்தரவுக்கு வேலை செய்த மனிதன் தன் முடிவைத் தானே எடுத்த இடம் அந்தத் திடல் ஒன்றுதான்.

1970கள் அந்தச் சமூகத்துக்கு எளிதான காலம் இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. பிறந்து வளர்ந்த தோட்டத்தைவிட்டுப் பல்லாயிரம் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார்கள். இந்த நாட்டில் நமக்கு இடம் உண்டா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு இருந்த நேரத்தில், தேசியச் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு ஆறுமுகம் நின்றார். வானொலியில் வர்ணனையாளர் அந்தப் பெயரைச் சொல்லும்போது அது முருகன் கோயிலில் கேட்ட பெயர், பக்கத்து வீட்டு மாமாவின் பெயர். தேசிய அணியில் அவருக்கு முன்னும் எம். சந்திரன் போன்ற தமிழர்கள் இருந்தார்கள், அணியை வழிநடத்தியவர்களும் உண்டு. ஆனால் சின்னப் பையன்கள் திடலில் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்ட பெயர் ஸ்பைடர்மேன்தான். அதற்கு முன் கோல் காக்கும் வேலை, ஓட முடியாத பையனுக்குக் கொடுக்கும் தண்டனை மாதிரி இருந்தது!

சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது என்றால் இன்று நமக்கு அறக்கட்டளை, காசோலை, புகைப்படம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களிடம் அப்படிக் கொடுக்கப் பணமே இல்லை. மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியதே 1989-இல். முழுநேரத் தொழில்முறை 1994-இல். அதுவரை ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய், மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். அவர்கள் கொடுத்தது நேரமும் உடம்பும். முழங்காலும் விரல்களும் என்றுகூடச் சொல்லலாம்.

1988 டிசம்பர் 18

ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார். வயது 35.

கோல் காவலர்கள் நாற்பது வரைகூட ஆடுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தினாலும், அடுத்த இருபது முப்பது வருடம் இளம் காவலர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வாழ்க்கை ஒன்று அவருக்குக் காத்திருந்தது. நாட்டுக்குப் போன நஷ்டம் அதுதான். அடுத்த சில மாதங்களிலேயே பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது. அவர் ஒரு ஆட்டக்காரராகவோ பயிற்றுநராகவோ அதில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. 1989 ஆகஸ்டில் கோலாலம்பூர் சீ விளையாட்டில் மலேசியா சிங்கப்பூரை 3-1 என்று வென்று தங்கம் வாங்கியது. பத்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம். அதையும் அவர் பார்க்கவில்லை.

1991 ஜூலையில் மொக்தார் டஹாரி 37 வயதில் நரம்பு நோயால் காலமானார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கோலடிப்பவரும் மிகப் பெரிய கோல் காவலரும் மூன்று வருட இடைவெளிக்குள் போய்விட்டார்கள். பிறகு 1994, 1995-இல் ஆட்டத்தை விலைபேசிய ஊழல் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையில் சிக்கினார்கள். அந்த இரண்டு பேரும் உயிரோடு, பயிற்றுநர்களாக ஓய்வறையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பழைய ரசிகர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். விடை தெரியாத கேள்விதான், இருந்தாலும் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

சிலாங்கூரில் அதே காலத்தில் ஆடிய கே. ராஜகோபால் பிற்பாடு தேசியப் பயிற்றுநர் ஆனார். 2009-இல் சீ விளையாட்டுத் தங்கம், 2010-இல் தென்கிழக்காசியச் சாம்பியன் பட்டம் இரண்டும் அவர் பொறுப்பில் கிடைத்தவை. ‘ஓலா போலா’ 2016 ஜனவரியில் திரைக்கு வந்தது. சியூ கெங் குவான் இயக்கம். முத்துவாக நடித்தவர் சரண் குமார். 2018-இல் அது இஸ்தானா புடாயாவில் இசை நாடகமாகவும் மேடையேறியது. ஆறுமுகம் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அவரைத் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

தேசிய அணியில் தமிழ்ப் பெயர்கள் முன்பு போல் வரிசையாக வருவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திடல் இருந்த இடத்தில் கடைவீடுகள் நிற்கின்றன. இப்போது கட்டணம் கட்டினால்தான் பயிற்சிக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க முடியும். திறமை குறைந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்பவர்கள், மாலை நாலு மணிக்கு இலவசமாக ஓட ஒரு இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒலிம்பிக்குக்கு மலேசியக் காற்பந்து அணி இன்னும் திரும்பிப் போகவில்லை. ஆசியக் கிண்ணத்துக்கு, 2007-இல் ஏற்று நடத்தும் நாடாக நுழைந்ததை விட்டுவிட்டால், 1980-க்குப் பிறகு சொந்தத் தகுதியில் போக நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2024 ஜனவரி 25 அன்று கத்தாரில் அந்த அணியின் கடைசிப் பிரிவு ஆட்டம். எதிரணி அதே தென் கொரியா. கூடுதல் நேரம் ஓடி, 105-ஆவது நிமிடத்தில் மலேசியா அடித்த கோலில் ஆட்டம் 3-3 என்று முடிந்தது.